பலூன் ஊதிக் கொடுத்தவர்

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் கே.கே. நகரில் அவர் குடியிருந்த தெருவுக்குப் போனால் போதும். "பொண்டாட்டிய அப்படித் தாங்குனாரும்மா, மனுசன்னா அவர்தான் மனுசன்" என்பார்கள். அந்தத் தெருப் பெண்கள் தங்கள் கணவரைத் திட்டும்போதெல்லாம் அவரை உதாரணத்துக்கு இழுப்பார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. என் பிழைப்பில் எத்தனையோ ஆண்களைப் பார்த்துவிட்டேன். குடித்துவிட்டு வந்து நின்றவர்கள் உண்டு. பெற்ற தாயை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பியவர்கள் உண்டு. அவர்கள் மேல் வந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. இவர் மேல் வந்தது மட்டும் இன்றுவரை போகவில்லை.

நான் அப்போது கே.கே. நகரில் ஒரு பகல்நேர மையத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மறதி நோய் ஆரம்பித்திருக்கிறவர்கள் காலையில் வந்து மதியம்வரை இருந்துவிட்டுப் போவார்கள். மூளைக்குக் கொஞ்சம் வேலை, உடம்புக்குக் கொஞ்சம் வேலை. படம் பார்த்துப் பெயர் சொல்வது, பந்து போட்டுப் பிடிப்பது, பாட்டுக்கு அடி வைப்பது, பயறு வகைகளைப் பிரித்து வைப்பது. நோய் நிற்காது, அது பாட்டுக்கு நகரும். ஆனால் கையில் இருப்பதைப் புழங்கிக்கொண்டே இருந்தால் அது இன்னும் கொஞ்ச காலம் கையில் இருக்கும். தன் சேலையைத் தானே கட்டிக்கொள்வதும், பசிக்கிறது என்று தன் வாயால் சொல்வதும் இன்னொரு வருஷம் நீடித்தால் அது சின்ன விஷயமில்லை. நாங்கள் அங்கே போராடியது அந்த ஒரு வருஷத்துக்காகத்தான்.

அவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் கச்சிதமாக இருப்பார். தேய்த்த அரைக்கைச் சட்டை, பையில் பேனா, இன்னொரு பையில் நாலாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு பெற்றார், கண்காணிப்பு ஓய்வு பெறவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக் கூட்டி வர மாட்டார், மணிக்கட்டைப் பிடித்துத்தான் கூட்டி வருவார். கையைப் பிடித்தால் அந்தப் பக்கமிருந்தும் ஒரு பிடி வரும். மணிக்கட்டைப் பிடித்தால் வராது. முதல் நாள் வாசல்படி ஏறும்போதே இதைப் பார்த்துவிட்டேன்.

மையத்தை நடத்தி வந்த டாக்டரம்மா எதிரில் உட்கார வைத்து, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா டாக்டரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். "ராக்காயி."

அவர் வருத்தமும் சிரிப்புமாக எங்களைப் பார்த்தார். "பாத்தீங்களா டாக்டர்? சொந்தப் பேரே போயிருச்சு. ராஜேஸ்வரி. பாப்பா, ராஜேஸ்வரின்னு சொல்லு."

"ராஜேஸ்வரி" என்றார் அந்த அம்மா.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி. அவளுக்குக் காரம் ஆகாது" என்றார் இவர்.

"சார், அவங்க சொல்லட்டும்."

"சொல்லுவா, சொல்லுவா. சொல்லு பாப்பா, இட்லி."

"இட்லி."

இப்படியே பிள்ளைகள் எத்தனை, வீடு எங்கே, இது என்ன மாதம் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது. எல்லாம் சரியான பதில். அவருக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சியில் அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் குடைப் படத்தைக் காட்டுவேன். அந்த அம்மா யோசிப்பார். யோசிக்கிறார் என்பது நெற்றியில் தெரியும். அந்த யோசனைதான் எங்களுக்கு வேண்டியது, பதில் இல்லை. அதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்து சத்தம் வராமல் 'குடை' என்று உதட்டை அசைத்துக் காட்டுவார். பரீட்சை அறையில் பிட் அடிக்கிற பையன்கூட இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடு செய்வான். நான் அவரை எழுப்பி வெளியே உட்கார வைத்தேன். மறுநாள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உதட்டை அசைத்தார். ஒரு மாதம் போவதற்குள் அந்த அம்மா படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பி அவர் உதடு எங்கே என்று தேடினார்.

எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பழைய பஸ் டிரைவர் ஒருவர் உண்டு. அவருக்கு உலகத்தில் எல்லா ஆண்களும் மாப்ள, எல்லாப் பெண்களும் தங்கச்சி. காலையில் சொன்னது மதியம் நினைவில் இருக்காது. ஆனால் கண்ணுக்கு முன்னால் நடப்பது ஒன்றும் தப்பாது. ஜன்னலில் நின்று உதட்டை அசைத்தவரைப் பார்த்து ஒரு நாள் கேட்டார்:

"ஏ மாப்ள, பரீட்ச ஒனக்கா, தங்கச்சிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் முகம் சுருங்கிப் போனது. மறுநாள் டிரைவருக்கு முதல் நாள் கேட்டது மறந்துவிட்டது. ஜன்னலில் அதே முகத்தைப் பார்த்தவுடன் புதிதாகத் தோன்றியது போல மறுபடியும் கேட்டார். "ஏ மாப்ள, பரீட்ச ஒனக்கா, தங்கச்சிக்கா?" அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. நான் அதற்காகவே காத்திருப்பேன். நான் கேட்க நினைத்து மரியாதைக்காக விழுங்கிய கேள்வியை அவர் தினமும் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு நாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பலூன் கொடுத்தேன். அந்த அம்மா பலூனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, ஒரு வழியாக வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார். இவர் உள்ளே வந்தார். பலூனை வாங்கினார். தன் கைக்குட்டையால் அதன் வாயைத் துடைத்தார். நன்றாக ஊதி, முடிச்சுப் போட்டு, மனைவி கையில் கொடுத்தார்.

"என்ன சார் இது?"

"அவளுக்கு எதுக்கு மேடம் சிரமம்?"

"பலூன் எங்களுக்கு வேணாம் சார். அவங்க ஊதணும். அவங்க மூச்சுக்குத்தான் பயிற்சி."

"பரவாயில்ல மேடம், எனக்கு மூச்சு நல்லாவே இருக்கு" என்றார். கிண்டல் இல்லை, நெஞ்சில் கை வைத்து நிஜமாகவே சொன்னார். அந்த அம்மா, தான் ஊதாத அந்தப் பலூனை மடியில் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார்.

'அவளுக்கு எதுக்கு சிரமம்' என்பதுதான் அவர் வாயில் எப்போதும் நின்ற வார்த்தை. பந்தை அவள் பக்கம் போட்டால் குறுக்கே கை நீட்டிப் பிடித்துக் கொடுப்பார். பயறு பிரிக்கச் சொன்னால் அவள் விரல் தட்டை நெருங்குவதற்குள் துவரையைத் தனியாக, உளுந்தைத் தனியாக ஒதுக்கிவிடுவார். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக் கூட்டி வருவார். இதை நான் மறைக்கவில்லை. ஊர் பார்த்தது அதைத்தான். தாங்குகிறாராம், தாங்கு. இரண்டு காலும் நன்றாக இருக்கிறவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் தாங்குவதா?

வீட்டிலும் பயிற்சி நடக்கிறதா என்று பார்க்க ஒரு முறை போனேன். காலை காபியை அந்த அம்மாவே போடட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நான் போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தார். இவர் வேகமாக முந்திக்கொண்டு போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கையில் டம்ளர், அந்தக் கைக்கு அடியில் இவருடைய கை, இரண்டு பேருமாக வந்து என்னிடம் நீட்டினார்கள்.

"பாப்பா காபி போட்டுட்டா மேடம்" என்றார்.

அவர் சீனி எடுத்து வர உள்ளே போன நேரத்தில் அந்த அம்மா என் பக்கம் குனிந்தார். "நாந்தான் போடுவம்னு எந்திரிச்சேன் தாயி. அதுக்குள்ள போட்டுட்டாக" என்றார். குரலில் புகார் இல்லை. மழை வந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

அன்றைக்குத்தான் அந்தப் பெயர் விஷயமும் தெரிந்தது. சீனியோடு வந்தவரிடம் பேச்சு வாக்கில், உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டேன். செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமம், இரண்டு பேருக்கும் ஒரே ஊர்தான் என்றார். "நான் வேலைக்கு வந்த புதுசுல ஆபீஸ்ல குடும்ப விவரம் கேட்டாக. ராக்காயின்னு எழுதவா முடியும்? ராஜேஸ்வரின்னு குடுத்துட்டேன். ஊர்லதான் ராக்காயிம்பாக" என்றார், கடலைமிட்டாயை என் பக்கம் தள்ளிக்கொண்டே.

நான் மிட்டாயை எடுக்கவில்லை. "அப்ப முதல் நாள் டாக்டரம்மா கேட்டப்ப அவங்க சரியாத்தானே சார் சொன்னாங்க?"

"அது பழைய பேரு மேடம்."

"அப்பா அம்மா வச்ச பேரு."

"அதான் சொல்றேன்ல, பழசு" என்றார். அப்பன் ஆத்தாள் வைத்த பெயரைப் பிசகாமல் சொன்ன ஒருத்தியை, பெயர் மறந்தவள் என்று டாக்டர் முன்னால் கைகாட்டிவிட்டு, அதை ஒரு தப்பு என்றுகூட நினைக்காமல் மிட்டாய் தள்ளுகிறார் இந்த மனிதர். மறுநாளிலிருந்து நான் அந்த அம்மாவை ராக்காயியம்மா என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டவுடன் திரும்புவார். யார் உதட்டையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தை மாதம் மையத்தில் பொங்கல் வைத்தோம். பொங்கல் என்றால் போர்ட்டிகோவில் காஸ் அடுப்பு, அதன்மேல் மஞ்சள் கட்டிய பானை, சுற்றி நாற்காலிகள். பால் பொங்கி வந்தது. டாக்டரம்மா புத்தகம் வாசிக்கிற குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றார். நாங்களும் மரியாதையாகச் சொன்னோம். இவர் அப்போது மனைவியின் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் காருக்குப் போயிருந்தார்.

அப்போதுதான் அது கிளம்பியது. என் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு குலவை. சும்மா பேருக்கு இழுக்கிற குலவை இல்லை. அடிவயிற்றிலிருந்து ஏறி, நாக்கு சுழன்று, அந்தப் போர்ட்டிகோவே அதிரும்படி நீண்டு, நின்று, மறுபடியும் நீண்டது. திரும்பிப் பார்த்தேன். ராக்காயியம்மா எழுந்து நின்றிருந்தார். முகம் மேலே தூக்கியிருந்தது. பலூன் ஊத முடியாது என்று வீட்டுக்காரர் முடிவு செய்துவைத்திருந்த அந்த நெஞ்சில் அம்புட்டு மூச்சு இருந்தது. அங்கே இருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாட்டிலோடு ஓடி வந்தவர் வாசலில் அப்படியே நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். மனைவிக்கு முந்திக்கொண்டு அவர் செய்துவிட முடியாத காரியம் ஒன்று முதல் முறையாக அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஆண்பிள்ளை குலவை போட முடியாதே.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. மறுவாரமே பலூனையும் படங்களையும் தூக்கி ஓரமாக வைத்தேன். பெண்களை வட்டமாக நிற்க வைத்துக் கும்மியைப் பயிற்சியாக்கினேன். குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, அடி மாற்றி, பாட்டின் அடுத்த அடியை ஞாபகத்தில் இருந்து எடுத்து, சுற்று முடிந்தால் குலவை. உடம்புக்கும் மூளைக்கும் ஒரே நேரத்தில் வேலை. மையத்தில் இருந்த கருவிகள் எதுவும் இம்புட்டு வேலை வாங்கியதில்லை. நான் செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள், சத்தமாகப் பேச வரும், கும்மி வராது. ராக்காயியம்மா என்னைத் திட்டுவார்.

"ஏத்தா, இடுப்ப வளைச்சுக் குனி. என்னத்த வெறப்பா நிக்கிற? எடது காலு, எடது காலு."

இந்த வாக்கியத்தைத்தான் கவனிக்க வேண்டும். குடை என்ற ஒரு சொல்லுக்குக் கணவர் உதட்டைத் தேடியவர், மூச்சு விடாமல் என்னைத் திட்டினார். பாட்டு நடுவில் மறந்து போகும். நிற்பார். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லிவைத்திருந்தேன். சில சமயம் வரும், சில சமயம் வராது. வராவிட்டால் அவரே வேறொரு அடியைச் சேர்த்துப் பாடிவிட்டுச் சிரிப்பார். ஆண்கள் பகுதியில் பந்து விளையாடிக்கொண்டிருந்த டிரைவர், "அடிச்சு ஏத்து தங்கச்சி, மேட்டுல ஏறிரும்" என்று கியர் போடுவார்.

இவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் வட்டத்துக்குள் வர முடியாது, சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னிடம் வந்து, "இன்னைக்குச் சேலைய அவளே கட்டிக்கிட்டா மேடம். கொசுவம் கோணலா இருக்கு. வேணாம்மா, நான் சரி பண்றேன்னேன். கேக்கவே இல்ல" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஒரு குலவை போட வேண்டும் போல இருந்தது. அவர் அதை ஒரு குறையாகச் சொன்னார்.

அந்த நல்ல காலம் சித்திரைவரைகூட நீடிக்கவில்லை. மையத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து சில பெரிய மனிதர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் இவருடைய பழைய மேலதிகாரி. இவர் எழுந்து நின்று, கும்பிட்டு, பாதி உட்கார்ந்து, மறுபடி எழுந்து என்னென்னவோ செய்தார். நாங்கள் கும்மியை ஆரம்பித்தோம். முதல் சுற்று முடிந்தது. ராக்காயியம்மா முகத்தைத் தூக்கினார். நாக்கு சுழலத் தொடங்கி, சத்தம் ஏற ஆரம்பித்த நேரம், இவர் விறுவிறுவென்று வட்டத்துக்குள் நடந்து வந்தார். பையிலிருந்து அந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, மனைவியின் வாயின் மேல் வைத்தார்.

பலமாக அழுத்தவில்லை. சோறு தின்ற குழந்தைக்கு வாய் துடைப்பது போல மெதுவாக வைத்தார். "போதும் பாப்பா, போதும்" என்றார். சத்தம் கைக்குட்டைக்குள் போய் நின்றது. அந்த அம்மாவின் கைகள் தட்டுவதற்கு விரிந்தபடியே நின்றன. எச்சில் வடிகிறது, துடைத்துவிடுகிறார் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். "என்ன ஒரு அக்கறை பாருங்க" என்றார் பழைய மேலதிகாரி. இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

நான் காருக்குப் பக்கத்தில் போய் அவரைப் பிடித்தேன். மரியாதை எல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டது.

"என்ன சார் பண்ணீங்க?"

"எச்சி ஒழுகுச்சு. தொடச்சேன்."

"ஒழுகல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியாது மேடம். கல்யாணமான புதுசு. எங்க ஆபீசர் மக கல்யாணத்துக்கு இவளக் கூட்டிட்டுப் போனேன். பெரிய மண்டபம். தாலி கட்டுற நேரம் இவ பாட்டுக்கு எந்திரிச்சு நின்னு குலவையப் போட்டுட்டா. மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. ஆபீசர் சம்சாரம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது இன்னும் என் காதுல கெடக்கு. அன்னைக்குச் சொன்னேன், இனிமே வாயத் தொறக்காத, யாரு என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்னு. அதுல இருந்து இந்த நோய் வர்ற வரைக்கும் ஒரு தடவகூட மீறினதில்ல மேடம். அம்புட்டு நல்லவ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோய் வந்த பிறகு ஆரம்பித்த வேலை இல்லை இது. நோய் நேற்று வந்தது. அது இனிமேல்தான் எடுக்கப் போவதை இவர் இருபது வயதுப் பெண்ணிடமிருந்தே எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு நல்லவள் என்று பெயரும் வைத்திருக்கிறார்.

"அன்னைக்கு ஆபீசர் சம்சாரம் சிரிச்சதப் பாத்தீங்களே சார், ராக்காயியம்மா மொகத்தப் பாத்தீங்களா?"

"அவ பேரு ராஜேஸ்வரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. டாக்டரம்மா போன் செய்தபோது, "வீட்லயே நான் எல்லாம் பாத்துக்கிறேன் டாக்டர், அவளுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றாராம். "நீங்க கொஞ்சம் பக்குவமாப் பேசியிருக்கலாம்" என்று டாக்டரம்மா என்னிடம் வருத்தப்பட்டார். பக்குவமாகப் பேசி அந்தக் கைக்குட்டையை என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. டிரைவர் மட்டும் கொஞ்ச காலம் கும்மி நேரத்தில் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அந்தத் தங்கச்சி? பரீட்ச பாஸாயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்கும் மறந்துபோனது.

சில வருஷம் கழித்து, தெப்பத் திருவிழா அன்று காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் அவர்களைப் பார்த்தேன். கரைச்சுவர் ஓரமாகச் சக்கர நாற்காலியில் அந்த அம்மா. தலை வாரி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, சேலைக் கொசுவம் ஒரு கோணல் இல்லாமல் ஊக்குக் குத்தியிருந்தது. பின்னால் அவர். சட்டை தேய்க்கவில்லை, ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்று நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நல்லா இருக்கா" என்றார் அவர். பிறகு என் பக்கம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "பேசுறதில்ல மேடம். ஐப்பசிக்கு முன்னாடியே நின்னு போச்சு. ஒரு முனகல்கூட இல்ல. வீட்ல நானே பேசி நானே கேட்டுக்கிட்டு இருக்கேன். இங்க தெப்பம் வரும்போது பொம்பளைக குலவை போடுவாகள்ல? அதக் கேட்டா இவளும் போடுவாளோன்னுதான் கூட்டியாந்தேன்."

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இம்புட்டு நாள் வாயை மூடியவருக்கு இப்போது அதிலிருந்து சத்தம் வேண்டுமாம் என்றுதான் தோன்றியது. நோய் எப்படியும் ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அதுவரைக்குமான நாட்கள் அந்த அம்மாவுக்குச் சொந்தமானவை.

கரையில் நின்றவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் எங்கள் பக்கம் திரும்பியது. பெண்கள் கும்பிட்டுக்கொண்டே குலவையை எடுத்தார்கள். ஒரு பக்கம் ஆரம்பித்துக் கரை நெடுக ஓடியது. அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"ராக்காயி" என்று கூப்பிட்டார். அவர் அந்தப் பெயர் சொல்லி மனைவியைக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். "ராக்காயி, ஒரு தடவ போடு."

அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ராக்காயி... பாப்பா."

பாப்பா என்றதும் திரும்பினார். திரும்பி, வழக்கம்போல அவர் உதட்டைப் பார்த்தார். அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்து, நாக்கை அசைத்து, கரகரத்த ஆண் குரலில் குலவை மாதிரி ஒன்றைப் போட்டுக் காட்டினார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் போட்டுக் காட்டினார்.

அந்த அம்மா அவர் வாயையே உற்றுப் பார்த்தார். பார்த்து, தன் வாயை அகலமாகத் திறந்தார். சத்தம் வரவில்லை. திறந்த வாயோடு அவரைப் பார்த்தபடி காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் அவரும் காத்திருந்தார். பிறகு நாற்காலியில் மாட்டியிருந்த பையிலிருந்து டப்பாவை எடுத்து, இட்லியை ஒரு விள்ளல் பிய்த்து, அந்த வாயில் வைத்தார்.

"பசிக்குது போல மேடம்" என்றார் என்னிடம்.

அந்த அம்மா மென்று விழுங்கும்வரை, கூடவே அவருடைய வாயும் மென்றுகொண்டிருந்தது.